பள்ளத்தில் விழுந்த காருக்கு அரசு பணம் தருமா?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். சென்னைப் புறநகரில் ஒரு சாலை. ஒரு வாரத்துக்கு முன், இரவு ஒன்பதரை மணி, நல்ல மழை. தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் பள்ளம் இருப்பது தெரியாமல் காரை இறக்கிவிட்டார். இடது பக்க டயர் இரண்டும் போயிற்று, ஒரு அலாய் வீல் வளைந்தது, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மும் வளைந்தது. பில் 32,000 ரூபாய். வண்டிக்கு வயது மூன்றரை. "ரோடு டாக்ஸ் கட்டுகிறேன், டோலும் கட்டுகிறேன். அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? எங்கே போய்க் கேட்பது? இந்த லட்சணத்தில் டோல் கட்டமாட்டேன் என்று சொல்லலாமா?" என்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேல் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக, அதாவது அடிபட்ட வண்டியின் சேதத்தை மதிப்பிடுபவனாக வேலை பார்த்தவன். மழைக்காலம் வந்தால் வாரத்துக்கு நாலைந்து பள்ளத்துக் கேஸ் வரும். வக்கீல் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகள் எங்கே ஓடும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கேட்க முடியும். கிடைப்பதுதான் கஷ்டம். இந்த மாதிரிக் கேஸில் எல்லாரும் பள்ளத்தைத்தான் நிரூபிக்கப் பார்க்கிறார்கள். பள்ளம் இருந்தது என்பதை யாரும் பெரிதாக மறுக்கப்போவதில்லை. "அந்தப் பள்ளம் எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அடைத்திருப்போம்" என்பதுதான் சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்தாரின் பதிலாக இருக்கும். உங்கள் கார் விழுவதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரியும் என்று காட்டும் ஒரு காகிதம் கிடைத்தால் கேஸ் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வெறும் போட்டோதான் மிச்சம்.

முதலில் அந்த ரோடு டாக்ஸ் விஷயம். எல்லாரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், சட்டத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. வண்டிக்குக் கட்டும் வரி மாநில அரசின் பொதுக் கணக்கில் சேர்கிறது. உங்கள் கார் விழுந்த சாலை மாநகராட்சியுடையதாக இருக்கலாம். வரி கட்டினால் அதற்குப் பதிலாக இன்ன சேவை என்று எந்த ஒப்பந்தமும் கிடையாது. அதனால்தான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் வரியைக் காட்டி "நான் நுகர்வோர்" என்று சொன்னால் எடுபடுவதில்லை. டோல் அப்படியில்லை. அது இந்தச் சாலையில் இந்த நீளத்தைப் பயன்படுத்துவதற்காக வாங்கும் கட்டணம். காசு வாங்கிக்கொண்டு தரும் சேவை என்று அங்கே வாதிட முடியும். ஆகவே நீங்கள் விழுந்தது டோல் சாலையிலா, சும்மா ஊர்ச் சாலையிலா என்பதிலேயே வழி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கேள்வியில் அது தெளிவாக இல்லை. இரண்டுக்கும் சொல்கிறேன்.

அந்தச் சாலை யாருடையது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. சென்னையில் இது ஒரு தனி வேடிக்கை. அண்ணா சாலை மாநகராட்சி எல்லைக்குள்தான் ஓடுகிறது, ஆனால் அது மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை. ராஜீவ் காந்தி சாலை, அதாவது ஓஎம்ஆர், தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் போட்டது. பஸ் போகும் மற்ற சாலைகளும் தெருக்களும் பெரும்பாலும் மாநகராட்சி. எல்லை தாண்டினால் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், அவற்றுக்கு நடுவே குறுக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தகரத் தடுப்பை ஒட்டிய பகுதியை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், ஒவ்வொரு அலுவலகமும் பக்கத்து அலுவலகத்தைக் கை காட்டும். குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளம் என்றால் தோண்டியவர் ஒருவர், மூட வேண்டியவர் இன்னொருவர். நஷ்டஈடு கேட்டு அனுப்பும் நோட்டீஸ் தப்பான அலுவலகத்துக்குப் போனால் ஆறு மாதம் கழித்து "இது எங்கள் சாலை அல்ல" என்று ஒரு வரியில் பதில் வரும். அதற்குள் பள்ளத்தையும் மூடியிருப்பார்கள்.

இதற்கு நான் எல்லாருக்கும் சொல்லும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஐ. 2005ஆம் ஆண்டுச் சட்டம். விண்ணப்பத்தில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விதி இருக்கிறது. தகவல் தங்களிடம் இல்லை, வேறு அலுவலகத்தில் இருக்கிறது என்றால், மனுவை அவர்களே 5 நாளுக்குள் அங்கே அனுப்பிவைக்க வேண்டும். நோட்டீஸ் தப்பான இடத்துக்குப் போனால் அங்கேயே செத்துவிடும். ஆர்டிஐ மனு தப்பான இடத்துக்குப் போனாலும் நடந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். சாலை யாருடையது என்று தெரியாதபோது இதை விட மலிவான வழி கிடையாது.

என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "சாலை ஏன் மோசமாக இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அது கேள்வி, தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். காகிதம் கேளுங்கள். இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை சாலையைப் பராமரிக்கும் பிரிவு அலுவலகம் எது. கடந்த ஆறு மாதத்தில் இந்த நீளத்தைப் பற்றி வந்த புகார்களின் நகல், ஒவ்வொன்றிலும் எடுத்த நடவடிக்கை, தேதியோடு. கடைசியாகச் சாலை போட்ட ஒப்பந்தக்காரர் யார், ஒப்பந்தத் தேதி என்ன, குறைபாடு வந்தால் அவரே சரிசெய்து தர வேண்டிய காலம் எப்போது முடிகிறது. கடைசியில், மறக்கவே கூடாதது, அந்த நீளத்தில் பேட்ச் வொர்க் செய்ததற்கான எம் புக் பக்கங்களின் நகல்.

எம் புக் என்பது அளவுப் புத்தகம். எந்த வேலை எத்தனை மீட்டர் நடந்தது என்று ஜூனியர் இன்ஜினியர் அளந்து எழுதி, மேலதிகாரி சரிபார்த்து, அதை வைத்துத்தான் கான்ட்ராக்டருக்கு பில் பாஸ் ஆகும். அரசு வேலையில் உண்மையும் பொய்யும் ஒன்றாகக் குடியிருக்கும் இடம் அது.

என் மைத்துனர் கதையைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் ஒரு சிற்றூர்ச் சாலையில் அவர் கார் பள்ளத்தில் இறங்கி ஆயில் சேம்பர் உடைந்தது. கூடவே ரேடியேட்டர் அடியும் வாங்கியது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது சிரித்தார்களாம். நான் ஆர்டிஐ போடச் சொன்னேன். வந்த எம் புக் நகலில், கார் விழுவதற்குப் பதினொரு நாள் முன்னால் அந்தப் பள்ளத்தை ஜல்லியும் தாரும் போட்டு அடைத்ததாக எழுதியிருந்தது. அளவு, ஆழம், எல்லாம் சுத்தமாக. அடைத்ததாக எழுதினால் அங்கே பள்ளம் இருந்ததை ஒப்புக்கொண்டதாகிறது. அடைத்த பள்ளத்தில் கார் எப்படி விழுந்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்க நோட்டீஸ் அனுப்பினோம், எம் புக் நகலை இணைத்து. அலுவலகத்திலிருந்து இன்று வரை பதில் வரவில்லை. மூன்றாவது வாரம் கான்ட்ராக்டரே வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு கவரோடு. அவருடைய வைப்புத்தொகை அலுவலகத்தில் இருந்தது, அதைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம். கவரில் 18,000 ரூபாய். மைத்துனர் ரசீது எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். இது நீதியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பணம் வந்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையை வடிவமைப்பவர், போடுபவர், பராமரிப்பவர் உரிய தரத்தைப் பின்பற்றாமல் விபத்து நடந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதை வாட்ஸாப்பில் "இனி பள்ளத்துக்கு ஒரு லட்சம் கிடைக்கும்" என்று சுற்றவிட்டார்கள். பிரிவைப் படித்தால் இரண்டு விஷயம் தெரியும். மரணமோ உடல் ஊனமோ ஏற்பட்டால்தான் அது பாயும். அபராதமும் உங்கள் கைக்கு வராது, அரசின் விபத்து நிதிக்குப் போகும். வளைந்த அலாய் வீலுக்கு அந்தப் பிரிவில் ஒரு சொல் கூட இல்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் உங்களுக்கு இல்லை. இன்னொரு வண்டி மோதினால் அங்கே போகலாம். பள்ளத்துக்கு வண்டி நம்பர் இல்லை.

நீதிமன்றங்கள் கொஞ்சம் முன்னால் போயிருக்கின்றன. கர்நாடக உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில், நல்ல நிலையில் உள்ள சாலை குடிமக்களின் அடிப்படை உரிமையின் பகுதி என்றும், பள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பெங்களூரு மாநகராட்சியிடம் இழப்பீடு கேட்கலாம் என்றும் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் இன்னும் குறிப்பாக, பள்ளத்தாலோ திறந்த மேன்ஹோலாலோ உயிர் போனால் 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை என்று நிர்ணயித்தது. அதை முடிவு செய்யக் குழுவும் அமைக்கச் சொன்னது, பொறுப்பானவர்களிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிக்கவும் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனால் பாருங்கள், அங்கேயும் உயிரும் உடம்பும்தான் கணக்கில் வருகின்றன, கார் வரவில்லை. அது மகாராஷ்டிரத்துக்கான உத்தரவு வேறு. இங்கே அதைக் காட்டி வாதிடலாம், அமல்படுத்தச் சொல்ல முடியாது.

ஆக உங்கள் காருக்கு மிச்சமிருப்பது பழைய வழி, கவனக்குறைவுக்காக நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு. அரசை வழக்குக்கு இழுக்க முடியுமா என்ற சந்தேகம் தேவையில்லை. அரசியல் சட்டத்தின் 300ஆவது பிரிவே அதற்கு இடம் தருகிறது. ஆனாலும் நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. 1964இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கில், மீரட் போலீஸ் ஒரு வியாபாரியிடம் பிடித்து வைத்த தங்கத்தை ஏட்டு ஒருவர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கே ஓடிவிட்டார். அரசு பொறுப்பில்லை என்று தீர்ப்பு. போலீஸ் வேலை அரசின் இறையாண்மை அதிகாரம் என்று காரணம் சொன்னார்கள். சாலை பராமரிப்பை அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து, வேலைக்கு நடந்து போனவர் இறந்த வழக்கில், 1997இல் மாநகராட்சி பொறுப்பில்லை என்றுதான் சொன்னார்கள்.

உங்களுக்கு உதவக்கூடிய தீர்ப்பு அதற்கும் முந்தியது. டெல்லி சாந்தினி சௌக்கில் நகராட்சியின் மணிக்கூண்டு ஒன்று இருந்தது. 1951இல் இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். "இடியும் என்று எங்களுக்குத் தெரியாது, வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது" என்று நகராட்சி சொன்னது. 1966இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டி எண்பது வருடமான கட்டடம், அதன் ஆயுளோ நாற்பது நாற்பத்தைந்து வருடம்தான். அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது உன் கடமை, பார்க்காமல் இருந்துவிட்டு தெரியாது என்று சொல்லாதே என்பதுதான் தீர்ப்பின் சாரம். என்னைக் கேட்டால் பள்ளத்து நோட்டீஸில் காட்ட வேண்டிய தீர்ப்பு இதுதான்.

இந்த "தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா" என்ற கேள்வியை வேறு ஊர்களில் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆவது பிரிவு இருக்கிறது. சாலையை ஒழுங்காகச் சோதித்து வந்தோம், இந்தப் பள்ளம் எங்கள் கண்ணில் பட வாய்ப்பில்லை என்று கவுன்சில் காட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால் டயருக்குப் பணம் தர வேண்டும். அதனால் அங்கே கார்க்காரர்கள் முதலில் கேட்பது கவுன்சிலின் சோதனைப் பதிவேட்டைத்தான். நியூயார்க்கில் இன்னும் கறார். பள்ளத்தைப் பற்றி நகர நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் போயிருக்க வேண்டும், 15 நாளாகியும் சரிசெய்யாமல் விட்டிருக்க வேண்டும், அப்போதுதான் பொறுப்பு. நகரத்தைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள வழக்கறிஞர்கள் சங்கம் சும்மா இருக்கவில்லை. 1982இல் தனியாக ஒரு நிறுவனமே தொடங்கி, ஆட்களை அனுப்பித் தெருத்தெருவாக நடந்து, உடைந்த நடைபாதைகளை எல்லாம் வரைபடத்தில் குறித்து, கட்டுக்கட்டாக நகர நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார்கள். இனி எந்த வழக்கிலும் "தெரியாது" என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரர்கள்.

நம் ஊரில் அந்த வரைபடத்தைப் பொதுமக்கள்தான் போட வேண்டும். புகார் சொல்ல சென்னை மாநகராட்சியின் தொலைபேசி எண் 1913, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. 2023இல் அதைத் தொடங்கும்போது மாநில நெடுஞ்சாலைப் பள்ளத்தை 24 மணி நேரத்திலும் மாவட்டச் சாலைப் பள்ளத்தை 72 மணி நேரத்திலும் சரிசெய்வதாக அவர்களே அறிவித்தார்கள். அந்த நேரக் கெடு உங்களுக்கு ஒரு ஆயுதம். யாராவது ஒருவர் முந்தைய வாரமே அதே பள்ளத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தால், அந்தப் புகார் எண் உங்கள் கேஸின் முதுகெலும்பு. அதனால் இன்றைக்கே அந்தத் தெருக்காரர்களிடமும் பக்கத்து அடுக்குமாடிச் சங்கத்திடமும் விசாரியுங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் போட்டிருப்பார். டீக்கடைக்காரரைக் கேட்டால் இதற்கு முன் விழுந்த வண்டிகளின் பட்டியலே கிடைக்கும்.

ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். பள்ளம் இன்னும் இருந்தால் நாளைக் காலையில் போய்ப் படம் எடுங்கள். மழை விட்டு, தண்ணீர் வடிந்த பிறகு. டேப் வைத்து ஆழமும் அகலமும் தெரிகிற மாதிரி ஒன்று, பக்கத்துக் கடைப் பலகையோ மின்கம்பத்தின் எண்ணோ தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று. அங்கே எச்சரிக்கைப் பலகை, தடுப்பு, சிவப்புத் துணி எதுவும் இல்லை என்பது தெரியும்படி இரண்டு பக்கமும் வீடியோ. போக்குவரத்துக்கு நடுவில் நின்று உயிரைப் பணயம் வைக்காதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். மெக்கானிக்கிடம், இது பள்ளத்தில் விழுந்த அடியால் வந்த சேதம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். பழைய டயரையும் வளைந்த ரிம்மையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் இரண்டு கோடு போல வெட்டு விழுந்திருக்கும். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி நசுங்கிய அடையாளம் அது. தேய்ந்த டயர் வெடித்தால் அப்படி இருக்காது. "உங்கள் டயர் மொட்டை, அதனால் வெடித்தது" என்று எதிர்தரப்பு சொல்லும்போது அந்த டயர்தான் சாட்சி. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைத்தால் தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். எஃப்ஐஆர் தேவையில்லை.

சரி, எவ்வளவு கேட்பது? இங்கேதான் என் பழைய தொழில் உதவுகிறது. முழு பாலிசி இருந்தால் முதலில் இன்சூரன்ஸில் என்ன வரும் என்று பாருங்கள். உங்கள் பில்லை நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். டயர் இரண்டு 14,000, அலாய் 9,000, லோயர் ஆர்ம் 5,000, கூலியும் அலைன்மென்ட்டும் 4,000. டயர் மட்டும் போயிருந்தால் ஒரு ரூபாயும் வராது. வண்டியின் வேறு பாகமும் சேர்ந்து அடிபட்டதால் டயருக்குப் பாதி, 7,000. மூன்றரை வயது வண்டிக்கு உலோக பாகங்களில் 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், 14,000க்கு 10,500 வரும். கூலி 4,000 முழுதாக. ஆகமொத்தம் 21,500. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயமாக 1,000 பிடிப்பார்கள். கையில் 20,500. ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தால் உலோகத் தேய்மானம் மிச்சம், டயருக்குப் பெரும்பாலான பாலிசிகளில் அப்போதும் பாதிதான்.

ஆனால் கிளைம் போட்டதும் நோ கிளைம் போனஸ் போய்விடும். நான்கு வருடம் கிளைம் இல்லாமல் முடித்திருந்தால் அடுத்த புதுப்பித்தலில் 45 சதவீதத் தள்ளுபடி. சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்றால் 4,500 ரூபாய் நஷ்டம், அதுவும் முதல் வருடத்துக்கு மட்டும். போனஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். ஆக உங்கள் கையை விட்டுப் போனது 11,500, கூட 4,500, மொத்தம் 16,000. இன்சூரன்ஸில் வாங்கிய பிறகு அரசிடம் நியாயமாகக் கேட்கக்கூடிய தொகை இதுதான். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் முழுத்தொகை கேட்டால் அது வெளியே வரும்போது உங்கள் பேரில்தான் கறை. 16,000 என்று கணக்கோடு கேட்பவரை அலுவலகத்திலும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் அந்தக் கடிதத்தை யாரும் இரண்டாம் பக்கம் புரட்டமாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று, இந்தக் கேள்வியோடு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளத்தில் அடி வாங்கிய பிறகு "கொஞ்ச தூரம்தானே" என்று வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் சேம்பர் விரிசல் விட்டு எண்ணெய் ஒழுகி இன்ஜின் சிக்கினால், சேம்பருக்குப் பணம் வரும், இன்ஜினுக்கு வராது. அதைப் பின்விளைவு என்று ஒதுக்கிவிடுவோம். 6,000 ரூபாயில் முடிய வேண்டியது ஒன்றரை லட்சமானதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நோட்டீஸ் விஷயம். மாநில அரசின் சாலை என்றால் வழக்குப் போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கட்டாயம். மாவட்ட ஆட்சியருக்கோ துறைச் செயலருக்கோ அனுப்பலாம். உள்ளாட்சி என்றாலும் அதே இரண்டு மாதம் கொடுத்துவிடுங்கள், பின்னால் தகராறு வராது. நோட்டீஸில் தேதி, நேரம், இடம், முந்தைய புகார் எண், சேதம், தொகை. இவ்வளவுதான், கோபம் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் சேர்ந்ததற்கான ஆதாரத்தோடு அனுப்புங்கள். ஒப்பந்தக்காரருக்கும் ஒரு நகல், அவருடைய பொறுப்புக் காலம் முடியாமல் இருந்தால் கட்டாயம். என் அனுபவத்தில் பணம் வந்த கேஸ்களில் பாதி இந்த நகலால் வந்தவை. கால வரம்பு மூன்று வருடமா ஒரு வருடமா என்று வாதாடுவதற்கே இடம் வைக்காதீர்கள், எதுவானாலும் ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

16,000 ரூபாய்க்கு சிவில் வழக்குப் போடுவது லாபமா என்றால், இல்லை. வக்கீல் ஃபீஸும் வாய்தாவும் அதைத் தாண்டிவிடும். நான் யாரையும் அந்த வழியில் தள்ளியதில்லை. நோட்டீஸ் வரை போய்ப் பாருங்கள், கான்ட்ராக்டர் வழியாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்சூரன்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாருக்காவது எலும்பு முறிந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்போது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவே போடலாம், மேலே சொன்ன கர்நாடக, மும்பை உத்தரவுகளுக்கும் அங்கே எடை உண்டு.

டோல் சாலை என்றால் கணக்கு மாறுகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சேவைக்காக நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. உங்கள் ஃபாஸ்டேக் கணக்கில் அன்று எந்தச் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள் என்று இருக்கும். காசு கட்டியதற்கும் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இருந்ததற்கும் அதுவே ஆதாரம். எதிர்மனுதாரராக வசூலிக்கும் நிறுவனத்தையும் நெடுஞ்சாலை ஆணையத்தையும் இரண்டையும் சேருங்கள். ஒன்றை விட்டால் இருப்பவர் இல்லாதவரைக் கை காட்டுவார். இங்கே 16,000 ரூபாய்க்குக் கூடப் போகலாம், போக வேண்டும் என்றே சொல்வேன்.

கடைசிக் கேள்வி, டோலை நிறுத்திக்கொள்ளலாமா என்பது. நீங்களாக நிறுத்த முடியாது. சாவடியில் தகராறு செய்தால் பின்னால் நிற்கும் லாரிக்காரர்தான் உங்களைத் திட்டுவார். ஆனால் நீதிமன்றம் நிறுத்தியிருக்கிறது. 2020 டிசம்பரில் மதுரவாயல் – வாலாஜா சாலை கிடந்த கிடப்பைப் பார்த்து, சரிசெய்யும் வரை அங்கே பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் திருச்சூர் பக்கம் பாலியேக்கரை சாவடியில் வசூலையே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீட்டுக்குப் போனபோது, பள்ளத்திலும் சாக்கடையிலும் ஊர்ந்து போவதற்கு மக்கள் ஏன் காசு கட்ட வேண்டும் என்ற தொனியில் பேசி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அக்டோபரில் வசூல் மறுபடி தொடங்கியது. உங்கள் நுகர்வோர் மனுவில் இந்த இரண்டையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். ஆர்டிஐ மனுவை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள். மழை நின்றதும் பேட்ச் வொர்க் தொடங்கிவிடும், எம் புக்கில் புதுப் பக்கம் எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.